இரண்டு அங்குல இடத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலும் பழனி மொத்தக் கடைகளிலும் சரக்கு ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிற நமது சிறு வண்டிகள் பலவற்றில் இன்று ஒலிபெருக்கியும் ஏறிவிட்டது. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர் என ஊர் ஊராகப் போய் மளிகையும் காய்கறியும் விற்கிற வியாபாரிக்கு அதுவே பெயர்ப்பலகை, அதுவே விளம்பரம். மலை ஊர்களில் வீடுகள் மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிக் கிடக்கின்றன. வண்டி வந்து நிற்பது கீழ்வரிசை வீட்டுக்குத் தெரிய வேண்டுமானால் குரல் அங்கே போய்ச் சேர வேண்டும். தொண்டை கிழியக் கூவிய காலம் போய், பென் டிரைவில் பதிந்த குரல் இப்போது கூவுகிறது. இதில் குறை சொல்ல ஏதுமில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் குரலைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிபயரை வண்டியில் எங்கே வைத்திருக்கிறோம் என்று நமது உறுப்பினர்கள் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். பல வண்டிகளில் அது ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கிடக்கிறது. இல்லாவிட்டால் இருக்கைக்குப் பின்னால் பழைய சாக்கு, ஜாக்கி, தண்ணீர்க் கேன், தார்ப்பாய் இவற்றுக்கு நடுவே திணிக்கப்பட்டிருக்கிறது. மழைக்குப் பயந்து அதை அட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பிளாஸ்டிக் பையால் சுற்றியவர்களும் உண்டு. சரக்கு ஏற்றும் இடத்தில் ஓர் அங்குலம்கூட அதற்கு விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை. சதுர அடிக் கணக்கில் வாடகை கொடுத்துப் பழகிய நமக்கு இது இயல்புதான். ஆனால் இந்தச் சிக்கனம் ஆபத்தான சிக்கனம் என்பதே நமது கருத்து.

ஆம்ப்ளிபயர் ஏன் சுடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். பாட்டரியிலிருந்து வாங்கும் மின்சாரம் முழுவதையும் அது ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடுவதில்லை. ஏபி வகுப்பு என்று சொல்லப்படும் பழைய வகை ஆம்ப்ளிபயர், நன்றாக ஓடும்போதே ஏறத்தாழப் பாதியைத்தான் கொடுக்கிறது. மீதிப் பாதி சூடாகப் பெட்டியில் தங்கிவிடுகிறது. ஸ்பீக்கருக்கு 50 வாட் போனால் பெட்டியில் இன்னொரு 50 வாட் சூடு. நமக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால், முன்பு நம் கடைகளில் எரிந்த 60 வாட் குண்டு பல்பைப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடிவிட்டு நாள் முழுக்க எரியவிடுவது போன்றது. புதிதாக வரும் டி வகுப்பு ஆம்ப்ளிபயர்கள் 80, 90 சதவிகிதம் வரை ஸ்பீக்கருக்குத் தள்ளிவிடும். சூடு குறைவு. ஆனாலும் போர்த்தி மூடினால் அவையும் சுடத்தான் செய்யும்.

பெட்டியின் முதுகிலோ பக்கவாட்டிலோ வரிவரியாக அலுமினியத் தகடுகள் இருப்பதைப் பார்த்திருப்போம். அழகுக்காக வைத்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளேயிருக்கும் டிரான்சிஸ்டர்களின் சூட்டை வாங்கிக் காற்றிடம் கைமாற்றுவதுதான் அந்தத் தகடுகளின் வேலை. காற்று நகராவிட்டால், வாங்க ஆளில்லாத சரக்குப்போலச் சூடு அங்கேயே தேங்கும். சின்ன வெங்காயத்தைச் சுவரோடு ஒட்டி, மேலே தார்ப்பாயைப் போர்த்தி, நெருக்கி அடுக்குவோமா? பட்டறை போடும்போது அடியிலும் பக்கத்திலும் காற்றோட்டம் விடுகிறோம். அரிசி மூட்டையை அடுக்கக் கீழே மரச்சட்டம் போடுகிறோம். மலைப் பூண்டைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிடும் வழக்கமும் இதற்காகத்தான். சரக்குக்கு மூச்சு வேண்டும் என்று தெரிந்த நாம், அந்தச் சரக்கை விற்றுத்தரும் பெட்டிக்கு மட்டும் மூச்சை அடைத்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மைக்கைப் பிடித்து மனிதர் பேசிய நாளில், அவர் மூச்சு வாங்குவார், வாடிக்கையாளரிடம் பேரம் பேசுவார், டீ குடிப்பார். அந்த இடைவெளிகளில் ஆம்ப்ளிபயரும் ஆறியது. பென் டிரைவுக்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை. காலை 7 மணிக்குத் தொடங்கினால் மதியம் வரை ஒரே பல்லவிதான். இடையிடையே பாட்டும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அரை மணி நேரத்தில் ஒன்றும் செய்யாத சூடு, ஆறு மணி நேரத்தில் பெட்டியைத் தின்றுவிடும். உள்ளே இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லாரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. ஐந்து வருடம் வர வேண்டிய பெட்டி ஏன் இரண்டே வருடத்தில் கரகரக்கிறது என்பதற்குப் பல சமயம் காரணம் இதுவே.

"நம்முடையது குளிர் ஊராயிற்றே, இங்கே எப்படிச் சுடும்?" என்று கொடைக்கானல் உறுப்பினர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மெலிந்த காற்று சூட்டையும் குறைவாகவே அள்ளிச் செல்லும். எனினும் காற்று குளிர்ந்திருப்பதால் பெருமளவு ஈடாகிவிடும். ஆகவே மலையின் மேல் பழி போட வேண்டியதில்லை. குளிருக்கும் சாரலுக்கும் அஞ்சி நாம் செய்யும் காரியம்தான் கெடுதல். கண்ணாடியை ஏற்றுகிறோம். பெட்டியைச் சாக்கால் போர்த்துகிறோம். சில கார்களில் ஹீட்டர் காற்று முன் இருக்கைகளுக்கு அடியில்தான் வெளியே வருகிறது. அங்கேயே ஆம்ப்ளிபயரை வைத்துவிட்டு ஹீட்டரையும் போட்டால் குளிர் ஊரில் இருந்து என்ன பயன்? வெளியே 12 டிகிரி இருந்தாலும் மூடிய பெட்டிக்குள் இருக்கும் வெப்பம் வேறு.

இருக்கைக்கு அடியில் என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குட்டி யானை என்று நாம் செல்லமாக அழைக்கும் டாட்டா ஏஸ் 2005-ல் வந்தது முதல் நம் வியாபாரத்தையே மாற்றிய வண்டி. அதில் எஞ்சின் இருப்பது இருக்கைக்கு அடியில்தான். 2019-ல் தயாரிப்பு நின்றுவிட்டாலும் நம் பகுதியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மாருதி ஆம்னியிலும் அப்படியே. முன் இருக்கையைத் தூக்கினால் எஞ்சின். இந்த வண்டிகளில் இருக்கைக்கு அடியிலோ அதை ஒட்டியோ ஆம்ப்ளிபயர் வைப்பது, எரியும் அடுப்பின் மேடையில் ஐஸ் பெட்டியை வைப்பதற்குச் சமம். அதிலும் நமது மலைப்பாதையை எண்ணிப் பாருங்கள். பழனியிலிருந்து சவரிக்காடு, வடகவுஞ்சி வழியாகப் பெருமாள்மலை சேரும் பாதையானாலும் சரி, வத்தலக்குண்டிலிருந்து வரும் பாதையானாலும் சரி, பாரம் ஏற்றிய வண்டி முதல், இரண்டாம் கியரில் முனகிக்கொண்டுதான் ஏறும். எஞ்சின் கொதிக்கும், வேகம் இல்லாததால் காற்று இருக்காது. சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டிக்குக் கிடைக்கும் காற்றோட்டம் கொண்டை ஊசி வளைவில் கிடைக்காது. ஊருக்குள் போய் ஒலிபெருக்கியைப் போடுமுன்பே ஆம்ப்ளிபயர் பாதிச் சூட்டில் இருக்கும்.

இதைவிடக் கடுமையான சோதனை தைப்பூசத்தில் வருகிறது. பழனிக்குப் பாதயாத்திரை போகும் குழுக்களுக்கு நமது சரக்கு வண்டிகளைக் கொடுத்து உதவுவது வியாபாரிகளிடையே உள்ள நல்ல வழக்கம். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் காவடி முதல் தெருக் குழுக்கள் வரை கூடவே வண்டி போகிறது. அரிசி, பருப்பு, பாத்திரம், கற்பூரப் பெட்டி, எண்ணெய் டின், தீப்பெட்டிப் பண்டல் எல்லாம் அதில்தான். முருகன் பாட்டும் அதில்தான். வண்டி நடக்கிற வேகத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர் ஊர்கிறது, பாட்டு விடிய விடிய ஓடுகிறது. வாடகைக்கு எடுத்த மைக் செட் ஆம்ப்ளிபயர் மூட்டைகளுக்கு நடுவில் புதைந்து கிடக்கிறது. அதன் பக்கத்தில் கற்பூரம்! பக்தி இருக்கட்டும், புத்தியும் வேண்டாமா? வண்டி கொடுக்கும் உறுப்பினர்கள் சாவியைக் கொடுக்குமுன் அந்தப் பெட்டி எங்கே வைக்கப்படுகிறது என்று பார்த்துவிட்டுக் கொடுப்பது அவர்களுடைய உரிமை, கடமையும்கூட.

சூடு மிஞ்சினால் என்ன நடக்கும்? நல்ல தயாரிப்புகளில் 80, 90 டிகிரி அளவில் தானாக நின்றுவிடும் பாதுகாப்பு இருக்கிறது. ஆறியதும் தானாகவே பேசத் தொடங்கும். இதைத்தான் நம்மவர்கள் "லூஸ் கான்டாக்ட்" என்று சொல்லித் தலையில் இரண்டு தட்டுத் தட்டுகிறார்கள். தட்டி முடிப்பதற்குள் ஆறிவிடுவதால், தட்டியதால்தான் வேலை செய்தது என்று நம்பிக்கை வேறு வந்துவிடுகிறது. வயரைக் குற்றம் சொல்லி வயரை மாற்றுவதும், ஸ்பீக்கரைக் குற்றம் சொல்லி ஸ்பீக்கரை மாற்றுவதும் இதன் தொடர்ச்சி. ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் பேசி நின்று, பத்து நிமிடம் கழித்துத் தானே பேசினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டை. பாதுகாப்பு இல்லாத மலிவுப் பெட்டிகளில் இந்த எச்சரிக்கையும் கிடையாது. ஒருநாள் கருகிய வாசனை வரும், அவ்வளவுதான்.

கைவைத்துப் பார்ப்பதே போதுமான சோதனை. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அலுமினியத் தகட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். ஐந்து விநாடி வைத்திருக்க முடிந்தால் கவலையில்லை. வைத்ததும் இழுத்துக்கொள்ளத் தோன்றினால் இடம் சரியில்லை என்று பொருள்.

சரி, எங்கே வைப்பது? நமது சிறு சரக்கு வண்டிகளில் ஓட்டுநர் அறையின் பின்சுவரில், இருக்கை முதுகுக்கு மேல், நிறுத்திவைத்துத் திருகுவது நல்லது. தகடுகளின் வரிகள் மேலும் கீழுமாக நிற்க வேண்டும். சூடான காற்று மேலே ஏறும், கீழிருந்து குளிர்ந்த காற்று வரும். வரிகள் படுக்கையாக இருந்தால் காற்று நடுவில் சிக்கும். தகடு மேலே தெரியப் படுக்கவைப்பதும் பரவாயில்லை. கூரையில் தலைகீழாகத் தொங்கவிடுவது மட்டும் கூடவே கூடாது. அப்போது தகட்டின் சூடு மேலே ஏறிப் பெட்டியின் வயிற்றுக்குள்ளேயே போகும். சுற்றிலும் இரண்டு அங்குலம், மேலே மூன்று அங்குலம் காலி இடம் விடுங்கள். சுவரோடு ஒட்டாமல் இடையில் வாஷர்களோ சிறு மரக்கட்டையோ கொடுத்துத் திருகினால் பின்பக்கமும் காற்று போகும். ஸ்பீக்கர் பெட்டியின் மேலேயே ஆம்ப்ளிபயரைத் திருகுகிறவர்கள் உண்டு. அதிர்வில் பற்றவைப்புகள் விட்டுப்போகும். தரையில் துளை போடுமுன் அடியில் பெட்ரோல் டாங்க், பிரேக் குழாய், வயர் எங்கே போகிறது என்று படுத்துப் பார்த்துவிட்டுத்தான் டிரில்லைக் கையில் எடுக்க வேண்டும்.

பின்னால் சரக்குப் பகுதியில்தான் வைக்க முடியும் என்றால் தகரப் பெட்டி ஒன்று செய்துகொள்ளுங்கள். மின்சார மீட்டர் பெட்டிபோல மழை உள்ளே வராதபடி சரிந்த பிளவுகள் கீழே ஒரு பக்கமும் மேலே எதிர்ப்பக்கமும் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் போடும் 12 வோல்ட் விசிறி ஒன்றை மேல்பிளவில் வெளியே பார்த்து ஊதும்படி வைத்தால் இன்னும் நல்லது. அது அரை ஆம்பியர்கூட இழுக்காது. சிலர் விசிறியை மட்டும் வாங்கி மூடிய பெட்டிக்குள் சுழலவிடுகிறார்கள். அது அதே சூடான காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். காற்று வர ஒரு வாசலும் போக ஒரு வாசலும் இல்லாமல் விசிறியால் பயனில்லை. இத்தனையும் சேர்த்து அந்தப் பெட்டி அடைக்கும் இடம் ஒன்றரைக் கன அடிக்குள்தான் வரும். ஒரு தக்காளிக் கிரேட் அளவுகூட இல்லை.

நம் சரக்குக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. வெங்காயச் சருகு, பூண்டுத் தோல், மாவுத் தூசி, மிளகாய்த் தூள் எல்லாம் பறந்துபோய் அந்தத் தகடுகளுக்கு நடுவிலும் விசிறியிலும் அடைந்துவிடும். போர்வை போர்த்தியதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. வாரம் ஒருமுறை பெயிண்ட் அடிக்கும் பழைய பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். அதேபோல் இரவு முழுக்கக் கொடைக்கானலில் குளிர்ந்து கிடந்த பெட்டி காலையில் அடிவாரத்துக்கு இறங்கினால், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில்போல வியர்க்கும். அந்த ஈரம் காயும்வரை சுவிட்சைப் போடாமல் பொறுத்திருப்பது நல்லது.

வயரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். 10 ஆம்பியர் இழுக்கும் ஆம்ப்ளிபயருக்கு 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைப் போட்டு, பாட்டரியிலிருந்து 5 மீட்டர் போய் 5 மீட்டர் திரும்பினால், வழியிலேயே ஒன்றேமுக்கால் வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகும். தொலைந்தது எங்கே போகிறது? வயரைச் சுடவைக்கத்தான். 4 சதுர மில்லிமீட்டர் வயரில் அந்த இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. மெல்லிய வயரில் மிச்சமாகும் பணம் ஒரு நாள் டீச் செலவு. பாட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும். ஆம்ப்ளிபயரில்தான் பியூஸ் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. அது ஆம்ப்ளிபயரைக் காக்கும். வயரைக் காக்காது. தகரத்தில் போட்ட துளையின் விளிம்பில் வயர் உரசி, மலைப்பாதைக் குலுக்கலில் தோல் உரிந்து, பாடியில் பட்டால் பாட்டரி தன் முழு பலத்தையும் அதில் கொட்டிவிடும். துளையில் ரப்பர் புஷ் போடுவது கால் ரூபாய்க் காரியம்போலத் தோன்றும். வண்டியைக் காப்பது அதுதான். போன பியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல? அவர்கள் பக்கத்தில் நம் வண்டியை நிறுத்தாமல் இருப்போம்.

இனி வாட் கணக்கு. எடைக்கல்லில் முத்திரை இல்லாவிட்டால் அபராதம் கட்டும் நாம், "1000 வாட்" என்று பெட்டி மேல் அச்சடித்திருந்தால் கேள்வி கேட்காமல் வாங்கிவிடுகிறோம். அந்தப் பெட்டிக்கும் ஒரு முத்திரை இருக்கிறது. பியூஸைப் பாருங்கள். 20 ஆம்பியர் பியூஸ் என்றால் 13 வோல்ட்டில் அது தொடர்ந்து வாங்கக்கூடியதே 260 வாட். வாங்குவது 260 என்றால் 1000 எங்கிருந்து வரும்? தள்ளுபடி போக நிகர எடை ஸ்பீக்கருக்குப் போவது இன்னும் குறைவு. 'ஆர்.எம்.எஸ்.' என்று குறித்திருக்கும் வாட்டை மட்டும் நம்புங்கள், மற்றவை மஞ்சள் பைக்கு மேல் அச்சடித்த பூப்போல.

அதைவிட முக்கியமான கேள்வி, நமக்கு இத்தனை வாட் எதற்கு என்பது. கூம்பு வடிவக் குழாய் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபலுக்கு மேல் கத்தும். காரில் பொருத்தும் சாதாரண ஸ்பீக்கர் அதே 1 வாட்டுக்கு 90 டெசிபல் அளவில்தான் நிற்கும். 10 டெசிபல் வித்தியாசத்தை ஈடுகட்டப் பத்து மடங்கு மின்சக்தி வேண்டும். பாட்டுக் கேட்பதற்காகச் செய்த கார் ஸ்பீக்கரையும் சப் ஊஃபரையும் போட்டு வெங்காய விலை சொல்லப் போவதால்தான் பெரிய ஆம்ப்ளிபயர் தேவைப்படுகிறது, பெரிய ஆம்ப்ளிபயரால்தான் பெரிய சூடு. மனிதக் குரல் புரிவதற்கு டெலிபோனில் வரும் அளவு ஒலி போதும். அதில் அடித்தொனி கிடையாது. ஆனால் மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தின்பது அந்த அடித்தொனிதான். பாஸ் குமிழைக் குறைத்துவிட்டால் பேச்சு இன்னும் தெளிவாகும், இழுக்கும் கரண்டும் குறையும். கொடைக்கானல் பண்பலையைக் கேட்டுக்கொண்டே நாம் கடை நடத்திய நாளில், கல்லாவுக்கு மேலிருந்த சிறிய ரேடியோ எத்தனை வாட்? ஒன்றிரண்டு வாட் இருந்தால் அதிகம். தெருவில் போகிறவரும் நின்று கேட்டார்.

பெரிய பெட்டியை வாங்கிக் குறைத்து வைத்துக்கொள்கிறோம் என்று சிலர் சொல்லலாம். ஏபி வகுப்புப் பெட்டிகளில் அது பலிக்காது. முழு வேகத்தில் ஓடும்போது உள்ளே தங்கும் சூட்டைவிட, பாதி வேகத்தில் ஓடும்போது தங்கும் சூடு அதிகமாகவும் இருக்கக்கூடும். மலை ஊர்த் தெருவுக்கு 20, 30 வாட் சிறிய ஆம்ப்ளிபயரே தாராளம். ஸ்பீக்கர்களை இணைக்கும்போது பெட்டியில் எழுதியுள்ள ஓம் கணக்கையும் பார்க்க வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்தால் 2 ஓம் ஆகிவிடும், கரண்ட் இரட்டிப்பாகும், சூடும் அப்படியே ஏறும். பெட்டி 4 ஓமுக்கு என்று எழுதியிருந்தால் இது தற்கொலை.

சத்தத்தைக் குறைப்பதில் சட்டத்தின் பக்கமும் இருக்கிறது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் கூடாது. பகலில் வணிகப் பகுதிக்கு 65 டெசிபல், குடியிருப்புக்கு 55 டெசிபல் அளவு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. உச்ச நீதிமன்றமும் 2005 ஜூலையில் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்திருக்கிறது. கூம்புக் குழாய்களுக்குப் பல இடங்களில் காவல்துறை தடை விதிக்கிறது என்பதும் நமக்குத் தெரிந்ததே. அனுமதிக் கடிதத்தில் எந்த ஸ்பீக்கர் எழுதியிருக்கிறதோ அதைத்தான் போட வேண்டும். மலை ஏறும் வழியில் காடு, காட்டெருமை நடமாட்டம். அங்கே யாருக்கு விலை சொல்லப் போகிறோம்? ஊர் எல்லைக்குள் வந்த பிறகு போட்டால் போதும். அதுவரை பெட்டியும் ஆறும்.

பொருத்திக் கொடுப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமது ஊர்களில் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களும் ரேடியோஸ், சவுண்ட் சர்வீஸ் கடைக்காரர்களும் கைத்தேர்ந்தவர்கள். ஆனால் வண்டிக்காரர் "சரக்கு இடம் போகக் கூடாது, ஒரு மணி நேரத்தில் முடிக்கணும், வயர் இருக்கிறதைப் போடுங்கண்ணே" என்று சொன்னால் அவர்தான் என்ன செய்வார்? கேட்டதைச் செய்து கொடுக்கிறார். கேட்கும் நாமே முறையாகக் கேட்க வேண்டும். எந்த அளவு வயர், எத்தனை ஆம்பியர் பியூஸ், எந்த இடத்தில் பொருத்தப்பட்டது என்று பில்லில் எழுதி வாங்குவது கஷ்டமான காரியமல்ல. வண்டியில் கூடுதலாகப் பொருத்திய மின்சாதனங்களுக்குத் தனிப் பிரீமியம் கட்டிச் சேர்க்கும் ஏற்பாடு மோட்டார் காப்பீட்டில் இருக்கிறது. அதற்கும் அந்தப் பில் உதவும். ஆம்ப்ளிபயர் போனால் சில ஆயிரத்தோடு போயிற்று. வண்டி எரிந்தால் மாதத் தவணை மட்டும் எரியாமல் நிற்கும்.

இதைச் சட்டமாக்க வேண்டும், சங்கம் கட்டாயப்படுத்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கெடுபிடிகள் போதுமான அளவு இருக்கின்றன. கிளைச் சங்கங்கள் ஒருநாள் மாலை உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து, உறுப்பினர்களின் வண்டிகளை வரிசையாக நிறுத்தி இருக்கைகளைத் தூக்கிப் பார்க்கச் சொல்லலாம். பியூஸ், ரப்பர் புஷ், நல்ல வயர் ஆகியவற்றை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குக் கொடுக்கலாம். மொத்த வியாபாரம் தெரிந்தவர்கள்தானே நாம். கொடைக்கானலில் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வண்டிகள் எப்படியும் கூடுகின்றன. பழனியில் தைப்பூசத்துக்கு முந்தைய வாரத்தில் வைத்துக்கொண்டால் பாதயாத்திரை வண்டிகளையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். மற்ற ஊர்களின் தேதியை அந்தந்தக் கிளைச் செயலாளர்கள் அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்து தெரிவித்தால் இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.